வீட்டு விசிட்டில் கோட்டை விடும் இடங்கள்

சட்டப் பிரிவுகளை மனப்பாடமாக ஒப்பிக்கக்கூடியவர்கள் கையிலும் கேஸ் கெட்டுப்போகிறது. யாரிடம் முதலில் கேட்டோம், பக்கத்தில் யார் நின்றபோது கேட்டோம், கேட்டதை எந்த வார்த்தையில் எழுதிவைத்தோம் என்ற மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் சறுக்கல். குழந்தையோ, முதியவரோ, டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் வந்தவரோ, எல்லோர் விஷயத்திலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் களத்தில் இருக்கும் சமூகப் பணியாளர்களையும் பள்ளி ஆலோசகர்களையும் எம்.எஸ்.டபிள்யூ. எனும் சமூகப்பணி முதுகலை மாணவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது இது.

குழந்தை வாயைத் திறந்ததும் நாம் பேசிவிடுவது

எட்டு வயதுச் சிறுமி "மாடி வீட்டு மாமா கெட்டவரு" என்கிறாள். பதற்றத்தில் நம் வாயில் வரும் அடுத்த கேள்வி: "உன்னத் தொட்டாரா? எங்க தொட்டாரு?" பாதிக் கேஸ் இங்கேயே போய்விட்டது. அவள் "ஆமா" என்றாலும் அந்தச் சொல் நம்முடையது. சொல்லிக்கொடுத்துப் பேசவைத்தார்கள் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொள்வார். அதைவிட மோசம், அந்த ஆள் செல்போனில் படம் காட்டியதோ போட்டோ எடுத்ததோ உண்மையில் நடந்தது என்றால், நம் கேள்வி அதற்கு வழிவிடாததால் அது வெளியே வராமலே போகும்.

"கெட்டவருன்னு சொன்னியே, அதப் பத்திச் சொல்லு கண்ணு" என்று அவள் சொல்லையே அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். "அப்புறம்?", "அப்போ நீ எங்க இருந்த?" போதும். "ஏன் முன்னாடியே சொல்லல?" என்று மட்டும் கேட்காதீர்கள். குழந்தையின் காதில் அது "உன் தப்புதான்" என்று விழும்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்து கொடுப்பது அடுத்த தவறு. காப்பாற்ற முடியாத சத்தியம் அது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டம், பிரிவு 19-ன்படி விஷயம் தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் பிரிவு 21-ன் கீழ் 6 மாதம் வரை சிறை உண்டு. தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. "உன்னைப் பாத்துக்க வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்பதுதான் நேர்மையான பதில்.

பிறகு ஆரம்பிக்கும் திருவிழா: வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், ஆலோசகர், 1098 குழந்தை உதவி எண்ணிலிருந்து வந்தவர், காவலர் என்று ஆளாளுக்கு முதலிலிருந்து கேட்பார்கள். குழந்தை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றிச் சொல்லும், அல்லது அலுத்துப்போய் "ஒண்ணும் இல்ல" என்றுவிடும். முதலில் கேட்டவர் எழுதிய அரைப் பக்கம்தான் அடுத்தவருக்குப் போக வேண்டும். யார், என்ன, எப்போது, இன்று ராத்திரி அந்த வீட்டில் ஆபத்து உண்டா என்பது தெரிந்தால் நம் வேலை முடிந்தது. மீதி வாக்குமூலம் பிரிவு 24-ன்படி குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவாக வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து பதிவுசெய்ய வேண்டும். "ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வாங்க" என்று சொன்னால் இந்தப் பிரிவைச் சொல்லித் தாராளமாகக் கேள்வி கேட்கலாம்.

சம்பவம் நடந்து ஓரிரு நாள்தான் ஆகிறது என்றால் குளிப்பாட்ட விடாதீர்கள், உடையைத் துவைக்க விடாதீர்கள். உடையை பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் பிடித்துத் தடயம் கெடும். காகித உறையில் வையுங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டபிறகுதான் மருத்துவப் பரிசோதனை என்பது தவறான நம்பிக்கை; பிரிவு 27 அதற்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும் என்பதால், பஞ்சாயத்துப் பேசிப் போகும் ஒவ்வொரு மணி நேரமும் குழந்தைக்கு நஷ்டம்.

நல்ல மனசோடு சட்டத்தை மீறுவது

பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்ற பையனை, தெரிந்த ஹோம் ஒன்றில் சனிக்கிழமை விட்டுவிட்டு, திங்கட்கிழமை குழந்தைகள் நலக் குழுவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். 2015-ன் சிறார் நீதிச் சட்டம், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழு முன் நிறுத்தச் சொல்கிறது. ஞாயிறுக்கு அதில் விலக்கு இல்லை. குழு கூடாத நாளில் உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தினாலே போதும் என்பது பலருக்குத் தெரியாது. அந்த ஹோமுக்குப் பிரிவு 41-ன் கீழ் பதிவு உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் வறுமை என்பதற்காக மட்டும் குழந்தையை விடுதியில் சேர்க்கப் பரிந்துரைப்பது இன்னொன்று. நிறுவனப் பராமரிப்பு கடைசி வழி என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. தாயோடு இருந்தே படிக்கக்கூடிய பிள்ளைக்கு அந்த விண்ணப்பத்தை எழுதுவதுதான் நம் வேலை. கொஞ்சம் அலைச்சல் பிடித்த வேலை என்பதால் தட்டிக் கழிக்கப்படுகிறது, வேறு காரணம் ஒன்றும் இல்லை.

குழந்தைத் திருமணத்தில் பெற்றோரிடம் எழுதி வாங்கிவிட்டு ஃபைலை மூடுகிறார்கள். அடுத்த முகூர்த்தத்தில் வேறு மாவட்டத்துக் கோயிலில் தாலி ஏறிவிடுகிறது. 2006-ன் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், பிரிவு 13-ல் மாஜிஸ்திரேட்டிடம் தடையாணை வாங்குங்கள். அதை மீறி நடக்கும் திருமணம் செல்லாது. எழுதி வாங்கிய காகிதத்துக்கு அந்த பலம் கிடையாது.

மகனை வைத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்பது

"சாப்பாடெல்லாம் நல்லாக் குடுக்கறாங்களாம்மா?" என்று மருமகள் காபி நீட்டும்போது கேட்டால் என்ன பதில் வரும்? இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் குடும்பத்தாரிடம் ரேஷன் கார்டு, ஆதார் என்று பேசிக்கொண்டிருக்கட்டும். மற்றவர் "உங்க ரூம காட்டுங்கம்மா" என்று எழுந்து போகலாம். கழிப்பறை எவ்வளவு தூரம், ராத்திரி விளக்கு உண்டா, கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதெல்லாம் அந்த நடையில் கண்ணில் படும்.

காயம் தெரிந்தால் கிளம்பும்போது மகனைக் கேட்டுத் திட்டுவது பலருக்கு வீரமாகத் தோன்றுகிறது. நாம் ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்ததும் கதவு சாத்தப்படும். அன்றைய ராத்திரியை அங்கே கழிக்க வேண்டியவர் அந்த அம்மாதான். முதலில் அவருக்குப் பாதுகாப்பு ஏற்பாடு, பிறகுதான் விசாரணை. காயத்தின் நிறத்தைப் பார்த்து "மூன்று நாள் பழசு" என்று எழுதாதீர்கள். மருத்துவர்களாலேயே அதை நம்பிக்கையாகச் சொல்ல முடியாது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு லேசாக இடித்தாலே கன்றிப்போகும். தவழாத கைக்குழந்தை உடம்பில் கன்றிய தடம் இருந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனை.

மனநோய் உள்ளவரைக் கட்டிப்போட்டு வைத்திருப்பதை "அவங்க நிலைமை அப்படி" என்று கடந்துபோவது குற்றத்துக்குத் துணைபோவது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் இருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 95 சங்கிலியைத் தடைசெய்கிறது.

மறதி நோய்: திருத்துவதும் தேர்வு வைப்பதும்

"நான் யாருன்னு தெரியுதா, சொல்லுங்க பாப்போம்?" என்று ஆரம்பிக்கும் விசிட்டில் அதற்குப் பிறகு ஒன்றும் கிடைக்காது. தோற்றுப்போன மாணவனைப் போல அவர் உள்ளே சுருங்கிவிடுவார். நீங்களே பெயரைச் சொல்லுங்கள், எதிரே கண் மட்டத்தில் உட்காருங்கள், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. பதிலுக்குப் பத்து நொடியாவது விடுங்கள். சும்மா காத்திருக்கும்போது பத்து நொடி எவ்வளவு நீளம் என்பது கேட்பவருக்குத்தான் தெரியும். சாயங்காலம் குழப்பம் கூடும் ஆட்கள் பலர் உண்டு, அதனால் காலை பத்து, பதினொரு மணி நல்லது.

கணவர் இறந்து பல வருடமான பாட்டி "அவரு வந்துட்டாரா?" என்று கேட்கிறார். "தாத்தா செத்துப் பதினோரு வருஷம் ஆச்சு" என்று வீட்டார் ஒவ்வொரு முறையும் திருத்துகிறார்கள். ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் சாவு. "எதுக்குப் பாட்டி தேடறீங்க?" என்று கேட்டால் பசி, பயம், பாத்ரூம் போகும் அவசரம் என்று உள்ளே இருப்பது வெளியே வரும்.

"சாப்ட்டேன்", "மாத்திரை போட்டுட்டேன்" என்ற பதிலை அப்படியே எழுதிக்கொள்வது அடிக்கடி நடப்பது. மறதி நோயாளி பொய் சொல்லவில்லை, இடைவெளியை நிரப்புகிறார். மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ராத்திரி ஒன்று வீதம், பத்து மாத்திரை அட்டை 3-ஆம் தேதி தொடங்கியது என்றால் 10-ஆம் தேதி காலையில் மூன்று மீதி இருக்க வேண்டும். எட்டு இருந்தால் போடவில்லை. அட்டை காலி என்றால் மறந்துபோய் இரண்டு இரண்டாகப் போடுகிறார். ரவிக்கை தொளதொளவென்று ஆகியிருப்பதும் இதேபோல் ஒரு சாட்சி.

உயிருக்கே உலை வைக்கும் தவறு இது: நேற்றுவரை ஓரளவு பேசியவர் இரண்டே நாளில் உளற ஆரம்பித்தால், அல்லது அடித்துப்போட்டதுபோல் தூங்கினால், "நோய் முத்திடுச்சு" என்று விட்டுவிடுவது. மறதி நோய் பொதுவாக மாதக்கணக்கில் நகரும். மணிக்கணக்கில், நாள்கணக்கில் வரும் மாற்றம் டெலிரியம் எனப்படும் திடீர்க் குழப்ப நிலையாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர் வற்றுதல், சோடியமோ சர்க்கரையோ இறங்குதல், கடையில் வாங்கிக் கொடுத்த சளி மாத்திரையில் உள்ள குளோர்பெனிரமின் என்று பல காரணம் உண்டு. அன்றே மருத்துவரிடம் போக வேண்டிய அவசரம் இது. அதேபோல, மறதி என்றதும் டிமென்ஷியா என்று முத்திரை குத்தும் முன் பி12, தைராய்டு, மனச்சோர்வு, காது கேளாமை இவற்றைப் பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள்.

ராத்திரி கத்துகிறார் என்று தூக்க மருந்தும் மனநோய் மருந்தும் கேட்டு வாங்கித் தருவதில் ஆபத்து உண்டு. மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு ஆன்டிசைக்காட்டிக் எனப்படும் இந்த மனநோய் மருந்துகள் பக்கவாத, மரண ஆபத்தைக் கூட்டும். முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள். பல்வலியைச் சொல்லத் தெரியாதவர் தட்டைத்தான் எறிவார்.

பத்திரமும் கைநாட்டும்

டிமென்ஷியா என்று எழுதிவிட்டாலே அவரால் எதையும் முடிவுசெய்ய முடியாது என்று நினைக்கிறார்கள். மனநலச் சட்டம் சிகிச்சை முடிவுகளில் அந்தந்த நேரத்துக்குப் புரிதலைப் பார்க்கச் சொல்கிறது: விவரம் புரிகிறதா, விளைவு தெரிகிறதா, முடிவைத் தெரிவிக்க முடிகிறதா. கையெழுத்து வாங்கும் சொத்து விஷயத்திலும் இதையே கேட்பது நல்லது.

தான செட்டில்மென்ட் எழுதும்போது "என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். 2007-ன் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பிரிவு 23-ன் கீழ் பத்திரத்தைச் செல்லாததாக்க ஆர்.டி.ஓ. எனும் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகும்போது அந்த ஒரு வரிதான் கை கொடுக்கும். நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு அமர்வு, முதியோர் பக்கம் சாய்ந்து சட்டத்தைப் பொருள்கொள்ளச் சொன்னது. அதை நம்பி வரியை விட்டுவிட வேண்டாம். சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதிய பத்திரத்துக்குத்தான் இது பொருந்தும் என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்; பெரியவரை வீணாக நான்கு வாய்தா அலையவிட வேண்டாம்.

குறிப்பு

"வீடு அசுத்தம், மகன் பொறுப்பற்றவர்" என்று எழுதினால் அது தீர்ப்பு. "11.20 மணி. பாய் ஈரம், மூத்திர வாடை. இடது முழங்கைக்குக் கீழே சுமார் 4 செ.மீ. கன்றிய தடம். 'அவன் இழுத்தான்' என்றார். மகன் அப்போது வாசலில்." இது குறிப்பு. பேசியவர் சொல்லை மேற்கோளில், கொச்சையோடு அப்படியே எழுதுங்கள். நாம் கேட்ட கேள்வியையும் எழுதுங்கள். நம் ஊகம் இருந்தால் தனி வரியில், ஊகம் என்றே குறிப்பிட்டு. அன்று இரவுக்குள் எழுதித் தேதியும் நேரமும் போட்டுவிடுங்கள். மூன்று நாள் கழித்து எழுதினால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.