'லாஸ்ட் ரிசார்ட்': யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்லுங்கள்

"உங்களை விட்டால் எனக்கு வேறு கதியில்லை சார்" என்று தமிழில் சொன்னால் எதிரில் இருப்பவர் மனம் இளகும். அதையே 'யூ ஆர் மை லாஸ்ட் ரிசார்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் முகம் சுருங்கும். வேலை கேட்டு ஒருவருக்கு நான் அப்படித்தான் மெயில் அனுப்பினேன். பதில் வரவில்லை. காரணம் பிடிபடச் சில வருடங்கள் ஆயின.

லாஸ்ட் ரிசார்ட் என்பது மற்ற வழியெல்லாம் அடைபட்ட பிறகு, மனமில்லாமல் கையில் எடுப்பது. அந்த 'மனமில்லாமல்'தான் விஷயமே. முதுகுவலிக்கு ஆபரேஷன் லாஸ்ட் ரிசார்ட் என்று டாக்டர் சொன்னால், மாத்திரை, பயிற்சி எதற்கும் வலி அடங்காவிட்டால்தான் கத்தி என்று அர்த்தம். இதை ஒரு மனிதருக்குச் சொன்னால் என்ன ஆகும்? 'எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தேன், யாரும் தரவில்லை, சரி போகட்டும் என்று உங்களிடம் வந்தேன்' என்றாகிவிடும். 'யூ ஆர் மை ஒன்லி ஹோப்' என்று எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன்.

வரிசையில் கடைசியாக வருவதற்கும் இது ஆகாது. சாப்பாடு முடிந்து 'ஆஸ் எ லாஸ்ட் ரிசார்ட்' பாயசம் குடித்தேன் என்றால், வேறு வழியில்லாமல் குடித்ததாகப் பொருள். சமைத்தவர் காதில் விழாமல் இருக்கட்டும். அங்கே 'ஃபைனலி' போதும்.

ரிசார்ட் என்றதும் நமக்குக் கடற்கரை விடுதிதான் ஞாபகம் வரும். இரண்டும் ஒரே சொல்தான், பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ஆனால் இந்தத் தொடரின் வேர் நீதிமன்றத்தில் இருக்கிறது. மேல்முறையீட்டுக்கு இடமில்லாத நீதிமன்றத்தை இன்றும் 'கோர்ட் ஆஃப் லாஸ்ட் ரிசார்ட்' என்கிறார்கள். வங்கிகள் பணமின்றித் தவிக்கும்போது கைகொடுக்கும் ரிசர்வ் வங்கிக்கு 'லெண்டர் ஆஃப் லாஸ்ட் ரிசார்ட்' என்று பெயர். நிறுவனங்களுக்கு அது மதிப்பு. மனிதர்கள்தான் கோபித்துக்கொள்வார்கள்.

'லாஸ்ட் ரிசோர்ஸ்' என்று எழுதுவோரும் உண்டு. அது கையிருப்பில் மிச்சமிருக்கும் கடைசிப் பொருள், வேறு சங்கதி. அப்புறம் வினைச்சொல்: வேறு வழியின்றிக் கடன் வாங்கியதைச் சொல்ல 'ரிசார்ட்டட் டு பாரோ' தவறு, 'ரிசார்ட்டட் டு பாரோயிங்' சரி. இதிலும் லேசான கண்டனம் ஒட்டியிருக்கும். கடன், பொய், வன்முறை போன்றவற்றோடுதான் இது பொருந்தும்; 'ரிசார்ட்டட் டு யுவர் கைண்ட் ஹெல்ப்' என்று நன்றிக் கடிதத்தில் எழுதினால் விபரீதம்.

லாஸ்ட் ரிசார்ட்டோடு குழப்பிக்கொள்ளும் வேறு தொடர்களும் உண்டு. 'ஹெய்ல் மேரி' என்றால் கடைசி நேரத்தில், பலிக்க வாய்ப்பே குறைவு என்று தெரிந்தும் செய்யும் முயற்சி. 1975 டிசம்பர் 28 அன்று அமெரிக்கக் கால்பந்தில் டல்லஸ் அணியின் ரோஜர் ஸ்டாபக் ஆட்டம் முடியும் தறுவாயில் நெடுந்தூரம் பந்தை வீசினார். கண்ணை மூடி 'ஹெய்ல் மேரி' என்ற மரியன்னை ஜெபம் சொன்னதாக அவர் பின்னர் கூற, அந்தப் பெயர் பரவியது. லாஸ்ட் ரிசார்ட் அப்படியல்ல, அது நன்றாகவே பலிக்கலாம்.

அதிகம் குழப்புவது 'லாஸ்ட் ஸ்ட்ரா'. அது நாம் செய்வதல்ல, நம் பொறுமையை முறிப்பது. மயிலிறகு ஏற்றிய வண்டியும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்று குறளில் வருகிறதே, அந்தக் கடைசி இறகு. எல்லோர் முன்னாலும் மேலாளர் கத்தியது லாஸ்ட் ஸ்ட்ரா. அப்போதும் பேசிப் பார்த்து, வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு, எதுவும் நடக்காமல் எழுதிக் கொடுத்த ராஜினாமாதான் லாஸ்ட் ரிசார்ட்.