நான்கு நட்சத்திரம் போதுமா? அவுஸ்திரேலியாவில் முதியோர் இல்லம் தேடும்போது விடும் தவறுகள்

மாமிக்கு நேர்சிங் ஹோம் தேட எங்களுக்குக் கிடைத்தது ஒரேயொரு வாரம். விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வைத்தியசாலையில் இருந்தார். மறதி நோய் ஏற்கனவே இருந்தது. இனி வீட்டில் வைத்துப் பார்க்க ஏலாது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். அன்றிரவே நானும் கணவரும் அரசின் முதியோர் பராமரிப்புச் சேவையான மை ஏஜ்ட் கெயார் இணையத்தளத்தைத் திறந்து எங்கள் பகுதியின் அஞ்சல் இலக்கத்தைப் போட்டோம். இல்லங்கள் வரிசையாக வந்தன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் நட்சத்திரங்கள். மூன்று நட்சத்திரம் உள்ளவற்றைத் தள்ளிவிட்டு, நான்கு உள்ள ஒன்றைப் பிடித்துக்கொண்டோம். பத்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. அந்தப் பத்து நிமிடத்தில் விட்ட பிழையைச் சரிசெய்ய ஏழு மாதம் பிடித்தது.

நட்சத்திரங்களை நான் குறை சொல்ல வரவில்லை. முதியோர் பராமரிப்பு பற்றி விசாரித்த அரச ஆணைக்குழுவின் இறுதி அறிக்கை 2021 மார்ச்சில் வெளிவந்தது. குடும்பங்கள் இல்லங்களை ஒப்பிட ஒரு வழி வேண்டும் என்று அது கேட்டது. அதன் பயனாக 2022 டிசம்பரில் இந்தத் தரப்படுத்தல் வந்தது. அதற்கு முன்னர் எங்களில் பலர் தெரிந்தவர் சொல்லும் வார்த்தையைத்தான் நம்பினோம். பிழை, அதை நாங்கள் வாசித்த விதத்தில்தான்.

முதலில், இதை ஹோட்டல் நட்சத்திரம் போல எண்ணவேண்டாம். இங்கே மூன்று என்றால் ‘ஏற்கத்தக்கது’, நான்கு என்றால் ‘நல்லது’, ஐந்து என்றால் ‘மிகச் சிறந்தது’. ஒன்றும் இரண்டும்தான் முன்னேற்றம் தேவை என்று எச்சரிப்பவை. மண்டபத்துப் பளிங்குத் தரைக்கும் பெரிய தொலைக்காட்சிக்கும் இதில் புள்ளி இல்லை. மூன்று நட்சத்திரம் என்பதற்காகவே ஓர் இல்லத்தைப் பார்க்காமல் விடுவது, நாங்கள் செய்தது போல, அவசரத் தீர்ப்பு. புதிதாகத் திறந்த இல்லத்துக்குத் தரவு போதாமல் நட்சத்திரமே இல்லாமலும் இருக்கலாம். அதைக் கெட்ட அடையாளமாக எடுக்கத் தேவையில்லை.

அடுத்தது, பெரும்பாலானோர் செய்வது: மொத்த நட்சத்திரத்தோடு நின்றுவிடுவது. அது நான்கு பகுதிகளின் கலவை. அங்கே வசிப்பவர்களின் அனுபவத்துக்கு 33 சதவீதம், சட்ட விதிகளுக்கு இணங்கி நடப்பதற்கு 30, பணியாளர் அளவுக்கு 22, தர அளவீடுகளுக்கு 15. ஓர் இல்லம் அனுபவத்தில் 3, இணக்கத்தில் 5, மற்ற இரண்டிலும் 4 பெற்றால் கணக்கு 3.97 வரும். இன்னோர் இல்லம் அனுபவத்தில் 5, இணக்கத்தில் 4, பணியாளரில் வெறும் 2, தர அளவீட்டில் 4 பெற்றால் 3.89. இரண்டுமே நான்கை ஒட்டித்தான் நிற்கின்றன. கட்டிலிலிருந்து எழுப்ப இரண்டு பேர் வேண்டிய ஒருவருக்கு இந்த இரண்டாவது இல்லம் பெரும் துன்பமாகலாம். தானே நடந்து திரிந்து, பேச்சுத் துணை தேடும் ஒருவருக்கு அது பொருந்தவும் கூடும். ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் பார்க்கிற நாங்கள், இங்கே ஒரே ஒரு எண்ணைப் பார்த்து அம்மாவை அனுப்பிவிடுகிறோம். ஒரு விதிவிலக்கையும் நினைவில் வைத்திருங்கள்: இணக்கத்தில் ஒன்று வாங்கினால் மற்றவை எப்படி இருந்தாலும் மொத்தமும் ஒன்றுதான், இரண்டு வாங்கினால் மொத்தம் இரண்டைத் தாண்டாது.

பணியாளர் நட்சத்திரம்தான் ஆட்களை அதிகம் குழப்புவது. ஒவ்வொரு இல்லமும் ஒருவருக்கு ஒரு நாளில் இத்தனை நிமிடப் பராமரிப்புக் கொடுக்கவேண்டும் என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. 2024 ஒக்டோபர் முதல் நாடளாவிய சராசரி இலக்கு 215 நிமிடம். அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற தாதியுடையது. ஆனால் இது சராசரி மட்டுமே. நோய்த் தேவை கூடியவர்கள் வாழும் இல்லத்துக்கு இலக்கு கூட, தேவை குறைந்தவர்கள் வாழும் இல்லத்துக்குக் குறைவு. நட்சத்திரம் அந்தந்த இல்லத்தின் சொந்த இலக்கோடு ஒப்பிட்டுத்தான் தரப்படுகிறது. அதனால் 230 நிமிடம் கொடுக்கும் இல்லம், 205 கொடுக்கும் இல்லத்தைவிடக் கட்டாயம் மேல் என்று சொல்ல முடியாது.

அதைவிட முக்கியமானது, 215 நிமிடம் என்பது மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம், பகல் இரவு எல்லாம் சேர்த்து. ஞாயிறு பின்னேரம் எத்தனை பேர், இரவு இரண்டு மணிக்கு மணி அடித்தால் யார் வருவார் என்பதை அது சொல்வதில்லை. முகவர் நிறுவனம் அனுப்பும் தற்காலிகப் பணியாளரின் நேரமும் இதில் சேரும். ஆகவே நட்சத்திரம் ஐந்தாக இருந்தாலும் தினம் ஒரு புது முகம் வந்து நிற்கலாம். மறதி நோய் உள்ளவருக்குப் புது முகம் என்பதே ஒரு பயம். உடற்பயிற்சி சிகிச்சையாளர், பொழுதுபோக்கு நிகழ்ச்சி நடத்துபவர், சமையல்காரர் ஆகியோரின் நேரம் இந்தக் கணக்கில் வராது. அதைத் தனியாகக் கேட்டுத்தான் அறியவேண்டும்.

இணக்க நட்சத்திரம் உயர்ந்திருந்தால் யாரோ அண்மையில் வந்து எல்லாவற்றையும் சோதித்துவிட்டார்கள் என்று நாங்கள் நினைத்தோம். அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. தொடக்க ஆண்டுகளில் அது பெரும்பாலும் இல்லங்களைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணைக்குழுவின் முறையான நடவடிக்கைகளையும் அதன்பின் எவ்வளவு காலம் ஆனது என்பதையும் வைத்தே கணிக்கப்பட்டது. சில தரநியமங்களில் தவறிய இல்லங்களும் நல்ல நட்சத்திரத்தோடு நின்றன என்ற விமர்சனம் அதனால்தான் எழுந்தது. 2025 நவம்பர் 1 முதல் புதிய சட்டமும் புதிய தரநியமங்களும் நடைமுறையில் உள்ளன. எப்படி இருந்தாலும் அந்த ஒழுங்குமுறை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அந்த இல்லத்தின் மதிப்பீட்டு அறிக்கையைத் தேடி வாசியுங்கள். கடைசியாக வந்து பார்த்த திகதி எது, எதில் தவறியது, அதற்கு இல்லம் என்ன பதில் சொன்னது என்று கவனியுங்கள். அரை மணி நேரம் போதும்.

தர அளவீடுகள் ஐந்து விடயங்களைப் பார்க்கின்றன: படுக்கைப் புண், ஆட்களை அசையவிடாமல் கட்டுப்படுத்தி வைத்தல், எதிர்பாராத எடை இழப்பு, விழுதலும் பெருங்காயமும், மருந்துப் பயன்பாடு. இந்தத் தரவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இல்லங்களே அனுப்புகின்றன. ஒழுங்காகப் பதியும் இல்லம் கொஞ்சம் மோசமாகத் தெரியலாம் என்பதை மனதில் வைத்து வாசிக்கவேண்டும். யாருமே விழாத இல்லத்தில், ஆட்களை நடக்க விடுகிறார்களா என்றும் கேட்கத்தான் வேண்டும்.

எங்கள் மாமியின் கதை எடை இழப்பில்தான் இருந்தது. அவர் மரக்கறி மட்டும் சாப்பிடுபவர். நாற்பது வருடம் ஆங்கிலம் பேசியவர், ஆனால் மறதி நோய் கூடக்கூட ஆங்கிலம் அவரை விட்டுப் போய்விட்டது. பின்னாளில் கற்ற மொழி முதலில் மங்கித் தாய்மொழி மட்டும் மிஞ்சுவது இந்த நோயில் பலருக்கு நேர்வது. நாங்கள் தெரிவுசெய்த நான்கு நட்சத்திர இல்லத்தில் தட்டு வரும், மூடியைத் திறக்காமலே திரும்பிப் போகும். ‘அவருக்குப் பசியில்லை’ என்று குறிப்பு எழுதுவார்கள். அவர் தமிழில் ‘சோறு’ என்று கேட்டது யாருக்கும் விளங்கவில்லை. நாற்பது நிமிடம் காரில் போகவேண்டிய தூரம் என்பதால் கிழமைக்கு இரண்டு தரம்தான் எங்களால் போக முடிந்தது. மாமியின் கைகள் மெலிந்ததை நாங்கள் கண்டது பிந்தித்தான். அந்த இல்லத்தவர்கள் கொடியவர்கள் அல்ல. எங்கள் மாமிக்கு வேண்டியதை அளக்கும் நட்சத்திரம் எதுவும் அந்தப் பக்கத்தில் இருக்கவில்லை, அதை நாங்கள் கேட்கவும் இல்லை.

அனுபவ நட்சத்திரம் இதைக் காட்டியிருக்காதா என்று கேட்பீர்கள். வெளியாட்கள் ஆண்டுக்கு ஒருமுறை வந்து வசிப்பவர்களில் ஒரு பகுதியினரை நேரில் கேட்கிறார்கள். சாப்பாடு பிடிக்கிறதா, மரியாதையாக நடத்துகிறார்களா, பாதுகாப்பாக உணர்கிறீர்களா என்பவை போன்ற கேள்விகள். நான்கிலும் எனக்கு அதிகம் பிடித்தது இதுதான், ஏனெனில் பேசுவது அங்கே வாழ்பவர்கள். ஆனால் ரோஸ்ட் இறைச்சி சாப்பிட்டு வளர்ந்த ஒருவர் ‘சாப்பாடு நல்லது’ என்று சொன்னால், அது மாமியின் தட்டைப் பற்றிய செய்தி அல்ல. நட்சத்திரம் முழு இல்லத்துக்கும் ஒன்றுதான் என்பதும் கவனிக்கவேண்டியது. மறதி நோயாளர் பிரிவு தனியாக எப்படி இருக்கிறது என்று அதில் தெரியாது.

ஆகவே நட்சத்திரங்களை வைத்து நான்கைந்து இல்லங்களைத் தெரிந்தெடுங்கள், பிறகு நேரில் போங்கள். காலை பத்து மணிக்கு முகாமையாளர் கூட்டிக்காட்டும் சுற்றுலா மட்டும் போதாது. பின்னேரம் ஐந்தரைக்கு, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். யார் ஊட்டுகிறார், எவ்வளவு பொறுமையாக ஊட்டுகிறார் என்று பாருங்கள். இந்தப் பிரிவில் இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர், தமிழ் பேசுபவர் யாராவது உண்டா, வீட்டுச் சாப்பாடு கொண்டுவரலாமா என்று கேட்டு, பதிலை எழுதி வையுங்கள். அவசரமென்றால் முதலில் தற்காலிகத் தங்கலாகச் சேர்க்கலாம். அரச உதவியோடு ஒரு நிதியாண்டில் 63 நாள் வரை அதற்கு இடமுண்டு. ஆங்கிலம் தடையென்றால் 131 450க்கு அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு மை ஏஜ்ட் கெயாரில் பேசலாம். இல்லத்தோடு பிணக்கு வந்தால் 1800 700 600இல் முதியோருக்காக இலவசமாக வாதாடுபவர்கள் இருக்கிறார்கள்.

மாமி இப்போது எங்கள் வீட்டிலிருந்து எட்டு நிமிட நடையில் உள்ள ஒரு மூன்று நட்சத்திர இல்லத்தில் இருக்கிறார். பணியாளர் பகுதியில் நான்கு, இணக்கத்தில் மூன்று. மாமா தினமும் மத்தியானம் சோறும் பருப்பும் கொண்டுபோகிறார். கட்டில் தலைமாட்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம்: தண்ணீர், சோறு, நோகுது, குளிருது, கழிப்பறை. ஒவ்வொரு சொல்லின் உச்சரிப்பும் ஆங்கில எழுத்தில் பக்கத்தில் உண்டு. இரவு வேலைக்கு வரும் நேபாளப் பிள்ளை ஒன்று கதவைத் திறந்ததும் முதலில் கேட்பது, ‘அம்மா, தண்ணி?’