அட்வான்ஸ்ட் பைக் பயிற்சிக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனில் பைக் ஓட்டும் நம் பிள்ளைகள் பலருக்கு, லைசென்ஸ் கைக்கு வந்ததும் கற்பதெல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணம். தென்னாப்பிரிக்காவில் பைக் லைசென்ஸுக்காக வைக்கும் கே53 தேர்வு மைதானத்துக்குள்ளேயே முடிந்துவிடும். அதில் தேறியவர் மறுநாளே என்3 நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே 120 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம். மைதானத்துக்கும் அந்தச் சாலைக்கும் நடுவே கற்க வேண்டியது ஏராளம். அதற்காகத்தான் அட்வான்ஸ்ட் பயிற்சி. காசு கட்டிப் போகிறவர்களே அந்த நாளை வீணடிப்பதைப் பார்த்தால் மனசு ஆறுவதில்லை.

வேகமாக ஓட்டக் கற்றுத் தருவார்கள் என்று நினைத்துப் போவதுதான் பெரிய தவறு. வகுப்பு ரேஸ் டிராக்கில் நடந்தால் இந்த ஆசை இன்னும் கூடும். முன்னால் போகிறவரை முந்த வேண்டும் என்று தோன்றிவிட்டால், பயிற்சியாளர் சொல்வது எதுவும் காதில் ஏறாது. நிறுத்தவும் பார்க்கவும் கற்கத்தான் போகிறீர்கள்.

நிறுத்துவதை எடுத்துக்கொள்வோம். முன் பிரேக்கைப் பிடித்தால் பைக் தூக்கி எறிந்துவிடும் என்ற பயம் நம்மிடம் சைக்கிள் காலத்திலிருந்தே ஊறிப்போயிருக்கிறது. அதனால் பலரும் பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறார்கள். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது, பைக் நிற்பதில்லை. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன் டயருக்குப் போகிறது. ஆகவே பைக்கை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். ஆனால் லீவரைச் சட்டென்று இறுக்கினால், பாரம் வந்து சேருமுன்பே முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும். முதலில் மெதுவாக அழுத்துங்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்குவது கையில் தெரியும். அதற்கப்புறம் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். இதெல்லாம் நடப்பது ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில், ஆனாலும் இந்த வரிசை மாறக்கூடாது.

பைக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருப்பவர்கள் செய்யும் தவறு வேறு. அது வேலை செய்யும்போது லீவர் துடிக்கும். பயந்துபோய்க் கையை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், பிடித்தே இருங்கள். ஒரு கணக்கையும் மனதில் வையுங்கள்: ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கை வைக்க ஒரு நொடி ஆனால், 60 கிலோமீட்டர் வேகத்தில் 17 மீட்டரும் 120-இல் 33 மீட்டரும் ஓடியிருப்பீர்கள். அதற்கு மேல், வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் நான்கு மடங்கு.

அடுத்து கண். போத்தாஸ் ஹில் பக்கம் ஆயிரம் மலைப் பள்ளத்தாக்குச் சாலையில் வளைகிறவர், ஓரத்துப் பள்ளத்தையோ எதிரே வரும் லாரியையோ வெறித்துப் பார்த்தால், பைக்கும் அங்கேதான் போகும். விழியை மட்டும் நகர்த்தினால் போதாது, தலையைத் திருப்பி வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். ஓரளவு வேகத்தில் போகும்போது இடப்பக்கம் திரும்ப இடது பிடியை லேசாக முன்னால் தள்ளுங்கள். பைக் இடப்பக்கம் சாயும். கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும், செய்து பார்த்தால் புரிந்துவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். நடுவில் பயந்து த்ராட்டிலைச் சட்டென்று மூடுவது இன்னொரு வழக்கமான தவறு.

மெதுவாக எட்டுப் போடும் பயிற்சியை அலட்சியம் செய்கிறவர்களும் உண்டு. கிளட்ச்சைப் பாதி விட்ட நிலையில், பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி, ஹேண்டிலை முழுக்கத் திருப்பிச் சுற்றுவதுதான் அது. அப்போது முன் பிரேக்கைத் தொட்டால் பைக் அப்படியே சாய்ந்துவிடும். என்னைக் கேட்டால், ஒருவர் உண்மையில் எவ்வளவு ஓட்டத் தெரிந்தவர் என்பது இங்கேதான் தெரியும்.

நண்பரின் பெரிய பைக்கை இரவல் வாங்கிப் போகாதீர்கள். தினம் ஓட்டுவதிலேயே கற்றுக்கொள்ளுங்கள். டயர் காற்றை ஓட்டுமுன், சூடேறாதபோதே பாருங்கள். டர்பன் புழுக்கத்தில் ஜாக்கெட்டைக் கழற்றத் தோன்றும். கழற்றாமல் தண்ணீரை நிறையக் குடியுங்கள்.

வகுப்போடு விட்டுவிடுவதும் தவறுதான். டோங்காட் பக்கம் கரும்பு வெட்டும் காலத்தில் லாரியிலிருந்து உதிர்ந்த தோகையும் சேறும் மழையில் நனைந்து கிடக்கும். அங்கே திடீரென்று நிற்க வேண்டி வந்தால் யோசிக்க நேரமிருக்காது, கை பழகியிருக்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு காலை, ஆளில்லாத கார் நிறுத்துமிடத்தில், பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு, 30-இல் தொடங்கி பிரேக் பிடித்துப் பழகுங்கள். அது சரியாக வந்த பிறகு 40-க்குப் போங்கள்.