ரூட் சுவிட்சை நீங்களே தேர்ந்தெடுங்கள்: ஸ்பேனிங் ட்ரீ அமைக்கும் முறை

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தோல் தொழிற்சாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆபீஸ், ஃபினிஷிங் ஷெட், குடோன் ஆகிய மூன்று கட்டடத்திலும் ஆளுக்கொரு சுவிட்ச் (கம்ப்யூட்டர்களைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி). ஒரு கேபிள் போனாலும் வேலை நிற்கக்கூடாது என்று மூன்றையும் முக்கோணமாக இணைக்கிறோம். கேபிள்கள் சுற்றுப்பாதையாவதைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ சுவிட்சுகளில் ஓடவில்லை என்றால், மூன்றாவது கேபிளைச் செருகிய சில நொடிகளில் மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடும்.

காரணம் இதுதான். ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல் (எத்தனை ரூட்டரைத் தாண்டலாம் என்ற வரம்பு) உண்டு. சுவிட்சுகள் கடத்தும் ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஒரே ஒரு ஏஆர்பி பிராட்காஸ்ட் (ஒரு ஐபி முகவரி யாருடையது என்று எல்லோரிடமும் கேட்கும் செய்தி) போதும். வந்த போர்ட்டை (கேபிள் செருகும் இடம்) தவிர மற்ற எல்லாவற்றிலும் அதை ஒவ்வொரு சுவிட்சும் அனுப்ப, முக்கோணத்தின் இரு திசையிலும் அது ஓயாமல் சுற்றும். ஒரே மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள வன்பொருள் முகவரி) இந்த நொடி ஒரு போர்ட்டிலும் அடுத்த நொடி வேறொன்றிலும் தெரிவதால் எந்த முகவரி எந்தப் போர்ட்டில் என்று சுவிட்ச் வைத்திருக்கும் மேக் டேபிளும் குழம்பிப்போகும்.

இதற்காகக் கணினி விஞ்ஞானி ரேடியா பெர்ல்மன் 1985இல் வடிவமைத்ததுதான் ஸ்பேனிங் ட்ரீ. சுவிட்சுகள் 2 நொடிக்கு ஒருமுறை பிபிடியு என்ற சிறு செய்தியை அனுப்பித் தங்களுக்குள் ஒரு ரூட்டை, அதாவது தலைமைச் சுவிட்சை, தேர்ந்தெடுக்கும். ரூட்டுக்குப் போகக் குறைந்த காஸ்ட் (இணைப்பின் வேகம் கூடக் கூடக் குறையும் எண்) உள்ள வழி மட்டும் திறந்திருக்கும், மிச்சப் போர்ட் பிளாக் ஆகும். பிளாக் ஆன போர்ட் செத்த போர்ட் அல்ல; டேட்டாவை விடாது, பிபிடியுவைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

மூன்றாவது கேபிளைச் செருகும் முன்பே எல்லா சுவிட்சிலும் இதன் வேகமான புதிய வடிவமான ரேப்பிட் ஸ்பேனிங் ட்ரீயை ஆன் செய்யுங்கள். பழைய முறையில் வழி மாற 30 முதல் 50 நொடி ஆகும். அதை இன்று வைத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை.

அடுத்தது பிரையாரிட்டி. பலர் கோட்டை விடும் இடம் இதுதான். இந்த எண் எந்தச் சுவிட்சில் சிறியதோ அதுவே ரூட். எல்லாச் சுவிட்சுக்கும் டிஃபால்ட் 32768. சமமாக இருந்தால் சிறிய மேக் முகவரி ஜெயிக்கும். அது பெரும்பாலும் இருப்பதிலேயே பழைய சுவிட்சாக இருக்கும். வாட்ச்மேன் அறையில் தூசி படிந்து கிடக்கும் 100 எம்பிபிஎஸ் பெட்டி ரூட் ஆகி, சர்வர் டிராஃபிக் முழுவதும் அதன் வழியாகத் திணறுவது இப்படித்தான். மதிப்பு 4096இன் மடங்குகளில்தான் ஏறும். ஆபீஸ் சுவிட்சுக்கு 4096, குடோனுக்கு 8192, ஷெட்டை 32768இலேயே விடுங்கள். ரூட் சுவிட்சுக்கு யூபிஎஸ் கட்டாயம். கரண்ட் போகும்போதெல்லாம் ரூட் மாறினால் எதையும் கணிக்க முடியாது.

இப்போது எந்தப் போர்ட் பிளாக் ஆக வேண்டும் என்று முதலில் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு கிகாபிட் இணைப்புக்கு காஸ்ட் 20000. ஷெட்டும் குடோனும் ரூட்டுக்கு நேராக 20000இல் போகின்றன. இரண்டுக்கும் இடையிலுள்ள கேபிளில் குடோனின் பிரையாரிட்டி சிறியது, ஆகவே ஷெட் பக்கப் போர்ட்தான் பிளாக் ஆகும். சுவிட்ச் வேறு மாதிரி காட்டினால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். ஷெட்டையும் ஆபீஸையும் நேராக இணைக்கும் கேபிளை எலி கடித்து ஒரு ஜோடி வயர் போனால் கிகாபிட் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கலாம். காஸ்ட் 200000 ஆகிவிடும். அப்போது ஷெட்டுக்கு குடோன் வழியே 40000 மலிவு. நேர் கேபிள் பிளாக் ஆகும், யாரும் கவனிக்கமாட்டார்கள். (பழைய அளவுமுறையில் கிகாபிட் 4, 100 எம்பிபிஎஸ் 19. எல்லா சுவிட்சும் ஒரே முறையில் இருக்கட்டும்.)

கம்ப்யூட்டர், பிரிண்டர் போர்ட்டுகளை எட்ஜ் போர்ட்டாக்கி (காத்திருக்காமல் உடனே திறக்கும் போர்ட்), பிபிடியு வந்தால் போர்ட்டை மூடும் பிபிடியு கார்டையும் போடுங்கள். எட்ஜ் இல்லாவிட்டால் போர்ட் திறக்க 30 நொடி காத்திருக்கும்; அதற்குள் டிஹெச்சிபி (கம்ப்யூட்டர் ஐபி முகவரி கேட்டு வாங்கும் முறை) கைவிட்டு, கம்ப்யூட்டர் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே எடுத்துக்கொள்ளலாம். சுவிட்சுகளுக்கு இடையிலான போர்ட்டில் மட்டும் எட்ஜ் போடவே கூடாது.

சோதிக்க, ஷெட்டிலிருந்து சர்வருக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) ஓடவிட்டு நேர் கேபிளைப் பிடுங்குங்கள். ஓரிரு பிங்குக்கு மட்டும் பதில் வராவிட்டால் சரி. அரை நிமிடம் பதில் வராவிட்டால் எங்கோ பழைய முறை ஓடுகிறது, அல்லது ஏதோ ஒரு இணைப்பு ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரே நேரத்தில் ஒரு திசையில் மட்டும் அனுப்பும் முறை) நிற்கிறது.

மேஜைக்கடியில் இருக்கும் விலை குறைந்த அன்மேனேஜ்டு (அமைப்பை மாற்ற முடியாத) சுவிட்சில் இதெல்லாம் கிடையாது. ஒரே கேபிளின் இரு முனையையும் யாராவது அதிலேயே செருகினால், அது பிபிடியுவைத் திருப்பி அனுப்பும் வகையாக இருக்கும்வரை பிபிடியு கார்டு அந்தப் போர்ட்டை மூடிவிடும். பிபிடியுவை விழுங்கும் வகை என்றால் காப்பாற்ற ஸ்டார்ம் கன்ட்ரோல் (பிராட்காஸ்ட் அளவு மீறினால் தடுக்கும் வசதி) உதவும்; எட்ஜ் போர்ட்டுகளில் அதையும் சேர்த்தே போடுங்கள்.