சாயந்தரம் 6 மணிக்கு மேல மோட்டர் போடாதீங்க, மதியமே போட்டுருங்க

வெயில் காலத்துல ராத்திரி ஏழரை மணி ஆனா எங்க தெருவுல வோல்டேஜ் இறங்கிரும், ஃபேன் மெதுவா சுத்தும், மோட்டர் போட்டா உர்ர்ருன்னு சத்தம் மட்டும்தான் வரும், தண்ணி ஏறாது. காரணம் ரொம்ப சிம்பிள்ங்க. பகல்ல சோலார் கரண்ட் நல்லா வருது, பொழுது சாஞ்சதும் அது நின்னுடுது, அதே நேரம் பாத்து எல்லா வீட்லயும் ஏசி, மோட்டர், கிரைண்டர்னு ஒண்ணா ஆன் பண்றோம், அந்த லோடு மொத்தமும் தெரு டிரான்ஸ்ஃபார்மர் மேல விழுது. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டோட மின்தேவை 20,830 மெகாவாட் வரைக்கும் போச்சு!

நாங்க என்ன பண்றோம்னா, மோட்டர், வாஷிங் மெஷின், மாவு அரைக்கிறது, துணி தேய்க்கிறது எல்லாத்தையும் காலைல 10லேருந்து மதியம் 3க்குள்ள முடிச்சிடுறோம். வேலைக்குப் போறவங்க மோட்டருக்கு ஒரு டைமர் சுவிட்ச் மாட்டிக்கலாம், ஆனா டேங்க் நிரம்புனா தானா ஆஃப் ஆகுற மாதிரி பாத்து வாங்குங்க, இல்லன்னா தண்ணி வழிஞ்சு வீணாப்போயிரும். 1 எச்பி மோட்டர் கிட்டத்தட்ட 750 வாட், அயர்ன் பாக்ஸ் 1000 வாட், ஒரு தெருவுல இருபது வீடு இத மட்டும் மாத்தினாலே எவ்ளோ லோடு குறையும்னு பாத்துக்கோங்க.

ஏசிய 26ல வச்சு ஃபேனையும் சேத்து ஓடவிடுங்க, பில்லும் குறையும். மத்தபடி நேரம் மாத்துறதால நம்ம யூனிட் குறையாது, அத தெளிவா சொல்லிடுறேன், ஆனா தெருவுல வோல்டேஜ் நிக்கும். பக்கத்து வீட்டு அக்காகிட்டயும் சொல்லுங்க, தெருவே சேந்து செஞ்சாத்தான் வித்தியாசம் தெரியும்.