வண்டியே வீடு: ஓய்வுக்குப் பின் மோட்டார்ஹோமில் குடியேறும் முன்

ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் பலர் முதலில் வண்டியை வாங்கிவிட்டு, மற்றதைப் பிறகு யோசிக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை யூனிட் கரண்ட், எங்கே நிறுத்துவது என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகுதான் வண்டி எத்தனை அடி நீளம் என்ற பேச்சே. 60 வயதில் ஓய்வு என்றால் 58-ல் இந்தக் கணக்கைத் தொடங்குங்கள்.

இதற்கு ஒரு பைசா செலவில்லாத சோதனை உண்டு. இப்போது இருக்கும் வீட்டிலேயே ஒரு வாரம் குழாய்களை மூடிவிட்டு, காலையில் 50 லிட்டர் பிடித்து வையுங்கள். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் மூன்று குடமும் ஒரு சிறு வாளியும். குடிக்க, சமைக்க 8 லிட்டர், இருவர் குளிக்க 24, பாத்திரத்துக்கு 8, கை, முகம் கழுவ 5, கழிப்பறைக்கு 5. துணி துவைப்பது இதில் சேராது. இரண்டாம் நாளே தகராறு வந்தால் வண்டி வாழ்க்கை உங்களுக்கு ஒத்துவருமா என்று அப்போதே தெரிந்துவிடும்.

காகிதம் முதலில்

நாமக்கல்லில் லாரிக்கும், கரூரில் பஸ்ஸுக்கும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கும் பாடி கட்டுகிறார்கள். கைத்திறனுக்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை. அதனால்தான் ஒரு பழைய வேனை வாங்கி உள்ளே கட்டில் போட்டு, அடுப்பு வைத்துவிடலாம் என்று தோன்றும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. அதைவிடப் பெரிய இடி இன்சூரன்ஸ். 'பயணிகள் வேன்' என்று பதிவான வண்டியில் காஸ் அடுப்பால் தீப்பிடித்தால் இழப்பீடு கேட்டு வாதாடுவது கஷ்டம்.

மோட்டார் கேரவன் எனப்படும் இந்த வீட்டு வண்டிகளுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை இருக்கிறது. பாடி கட்டுபவரிடம் முன்பணம் கொடுக்கும் முன், அவருடைய வடிவமைப்புக்குச் சோதனை நிறுவனம் தந்த ஒப்புதல் சான்றின் நகலைக் கேளுங்கள். 'அதெல்லாம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பாத்துக்கலாமுங்க' என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

எல்.எம்.வி. (இலகு வாகன) உரிமம் 7,500 கிலோ மொத்த எடை வரை செல்லும். அதற்குள் இருக்கும் வண்டியே இருவருக்குத் தாராளம். 55 வயதைத் தாண்டி உரிமத்தைப் புதுப்பித்தால் ஐந்தாண்டுக்குத்தான் கிடைக்கும், படிவம் 1ஏ மருத்துவச் சான்றும் வேண்டும். கண்புரை இருந்தால் அறுவை சிகிச்சையை வண்டிக்கு முன்பே முடியுங்கள். எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணைப் பறித்தால் இரவில் ஓட்ட இயலாது. கணவன் மனைவி இருவருமே வண்டியைக் குறைந்தது பத்துக் கிலோமீட்டராவது ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். நெஞ்சு வலி வந்தவர் கையிலேயே ஸ்டீயரிங் இருக்கக் கூடாது.

எடை

இந்த வாழ்க்கையின் எதிரி எடைதான். வீட்டு வேலை செய்து பழகிய ஆசாரி 18 மி.மீ. பிளைவுட்டைத்தான் எடுப்பார், 'கனமா இருந்தாத்தானுங்க நிக்கும்' என்பார். எட்டுக்கு நாலடிப் பலகை ஒன்றே 35 கிலோ வரும். பத்துப் பலகை போட்டால் நாலைந்து ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி. தடுப்புக்கும் அலமாரிக்கும் 9 மி.மீ. பிளைவுட்டும் அலுமினியச் சட்டமும் போதும். சமையல் மேடைக்குக் கிரானைட் கேட்காதீர்கள். ஆணி அடிக்க விடாதீர்கள். குலுக்கலில் ஒரு மாதத்தில் கழன்று வரும். போல்ட்டும், பூட்டு நட்டும் போட்டு முடுக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் தண்ணீர், சிலிண்டர், துணி, அரிசி எல்லாம் ஏற்றி, இருவரும் உள்ளே உட்கார்ந்த நிலையில் எடைமேடைக்குப் போங்கள். மூன்று முறை எடுக்க வேண்டும்: முழு வண்டி, முன் அச்சு மட்டும், பின் அச்சு மட்டும். மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் மிஞ்சுவது சகஜம், ஏனென்றால் கட்டில், தொட்டி, பேட்டரி எல்லாவற்றையும் பின்னாலேயே குவித்துவிடுகிறார்கள். அப்போது முன் சக்கரம் லேசாகி, ஈரச் சாலையில் ஸ்டீயரிங் பிடி கொடுக்காது. பின் டயர் சூடேறி வெடிக்கும். தண்ணீர்த் தொட்டியை இரு அச்சுகளுக்கும் நடுவே, தரையோடு வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. நிறுத்தியே வைக்கும் வண்டியில் டயரின் மேல் பட்டன் தேயாது, ரப்பர் வயதாகிவிடும். ஆறு வருடத்தில் மாற்றிவிடுங்கள்.

வயதான உடம்புக்கு ஏற்ற உள் அமைப்பு

மேல்தட்டுக் கட்டில் வேண்டாம். நள்ளிரவில் இரண்டு முறை எழுந்திருப்பவர், துணைவரைத் தாண்டாமல் இறங்கும்படி கட்டிலின் இருபுறமும் வழி விடுங்கள். உட்காரும் உயரம் 45 செ.மீ.; படிக்கட்டு ஒவ்வொன்றும் 20 செ.மீ.க்குள், கதவோரத்திலும் கழிப்பறையிலும் கைப்பிடி. அந்தக் கைப்பிடியை வெறும் பலகையில் திருகாமல் வண்டியின் இரும்புச் சட்டத்தோடு பிணைக்க வேண்டும்.

கரூர், ஈரோடு பக்கம் ஏப்ரல் மே வெயில் 40 டிகிரியைத் தொடும். தகரக் கூரை அதைவிட அதிகமாகக் காயும். கூரைக்கும் சுவருக்கும் 25 மி.மீ. கனத்தில், நீர் உறிஞ்சாத ஃபோம் ஒட்டுங்கள். கண்ணாடிப் பஞ்சு குலுக்கலில் கீழே இறங்கி, மேலே வெற்றிடம் விழும். தெர்மாகோல் உரசி உரசிப் பொடியாகும், இரவெல்லாம் கிறீச் சத்தம் வேறு. கூரைக்கு வெள்ளைப் பெயின்ட், ஒரு காற்றுப்போக்கி விசிறி, எல்லாச் சன்னலுக்கும் கொசுவலை.

தண்ணீர், கழிப்பறை

150 லிட்டர் தொட்டி மூன்று நாள் வரும். அதற்கே 150 கிலோ எடை. உள்ளே தடுப்பு இல்லாத தொட்டி பாதி நிறைந்திருந்தால் வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியை இழுக்கும். கழிவுநீருக்குத் தனியாக 100 லிட்டர் தொட்டி.

சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்த நாக்குக்கு மற்ற ஊர்த் தண்ணீர் எதுவும் பிடிக்காது. அது வேறு கதை. போர் தண்ணீரை ஏற்றும் முன், கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பாருங்கள். குடிநீருக்கு 500 வரை நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போனால் பெரிய தொட்டியில் ஏற்றவே வேண்டாம். குடிநீருக்கென 20 லிட்டர் கேன் இரண்டைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் ஹீட்டரில் வெள்ளைப் படலமாகப் படியும்; லிட்டருக்கு 25 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊறவிட்டால் கரைந்து போகும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிளாஸ்டிக் தொட்டியில் 150 லிட்டர் நிரப்பி, 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (குளோரின் திரவம்) 190 மி.லி. ஊற்றி நான்கு மணி நேரம் விடுங்கள். எல்லாக் குழாயிலும் வாடை வரும்வரை திறந்துவிட்டு, பிறகு இரண்டு முறை நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

கழிப்பறைதான் வெளிநாட்டு வழிகாட்டிகள் நமக்கு உதவாத இடம். கேசட் கழிப்பறையின், கழற்றி எடுத்துக் காலி செய்யும் பெட்டி 18 லிட்டர் போலப் பிடிக்கும். காகிதத்தால் துடைப்பவர்களுக்கு அது மூன்று, நான்கு நாள் வரும். நாம் தண்ணீரால் கழுவுகிறோம். ஹெல்த் ஃபாசெட்டை அழுத்தினால் நிமிடத்துக்கு ஆறு லிட்டர் பாயும். ஒரே நாளில் பெட்டி வழிந்துவிடும். ஃபாசெட்டைக் கழற்றிவிட்டு அரை லிட்டர் சொம்பு வையுங்கள், இரண்டு நாள் ஓடும். உலர் கழிப்பறை இன்னொரு வழி. சிறுநீரைத் தனியே பிரித்து, மலத்தின் மேல் தென்னை நார்த்தூள் போடுவது. பொள்ளாச்சிப் பக்கம் நார்த்தூளுக்கா குறை? ஆனால் கழுவும் தண்ணீர் அதில் விழுந்தால் நாற்றம் தாங்காது. கழுவுவதற்குப் பக்கத்திலேயே தனி வடிகால் வைத்தால் மட்டுமே இது வேலை செய்யும். கேசட்டை சொந்தக்காரர் வீட்டுச் செப்டிக் டேங்கில் காலி செய்வதானால் ஃபார்மலின் கலந்த மருந்தைப் போடாதீர்கள். அங்குள்ள நுண்ணுயிர்கள் செத்து, டேங்க் நிரம்பி, அடுத்த முறை வாசலில் நிறுத்த விடமாட்டார்கள்.

கரண்ட்

ஒரு நாள் கணக்கு: 50 லிட்டர் 12 வோல்ட் ஃபிரிட்ஜ், கோடையில் 600 வாட்-மணி, 25 வாட் விசிறி இரண்டும் பன்னிரண்டு மணி நேரம் ஓட 600, விளக்கு 100, மிக்ஸி 100, போன், மடிக்கணினி 150, பம்பு 25. ஆக 1,575 வாட்-மணி; ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட் என்பதால், ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல். 12.8 வோல்ட், 200 ஆம்ப்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் இரண்டரை யூனிட் இருக்கும், இரண்டு யூனிட் தாராளமாக எடுக்கலாம். இன்வெர்ட்டருக்கு வீட்டில் வைக்கும் 150 ஆம்ப்பியர்-மணி டியூபுலர் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். அதே வேலைக்கு இரண்டு வேண்டும், நூறு கிலோவுக்கு மேல் எடை.

கூரையில் 500 வாட் சோலார் தட்டு தெளிந்த நாளில் இரண்டு யூனிட் தரும். தென்மேற்குப் பருவத்தில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் மேகம் மூடினால் பாதிகூடத் தேறாது. ஆகவே வண்டி ஓடும்போது ஏற்ற 30 ஆம்ப்பியர் டிசி-டிசி சார்ஜரும் போடுங்கள். மூன்று மணி நேர ஓட்டத்தில் ஒரு யூனிட் ஏறும். ஏ.சி. வேண்டுமானால் வெளிக் கரண்டில் மட்டும். இரவு முழுக்க ஓடினால் ஐந்து யூனிட் போல இழுக்கும்.

1,000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் நூறு ஆம்ப்பியர் வரை இழுக்கும். 35 சதுர மி.மீ. செம்புக் கேபிள், ஒன்றரை மீட்டருக்குள். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் 125 ஆம்ப்பியர் டிசி ஃபியூஸ். வீட்டு எம்.சி.பி.யை (மின்சாரம் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) இங்கே மாட்டக் கூடாது. வீட்டுக்கு வரும் மாறுமின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அதில் எழும் தீப்பொறி தானே அணையும். பேட்டரியின் டிசி மின்சாரத்தில் அணையாமல் உள்ளேயே எரியும். கிரைண்டரை விட்டுவர மனமில்லையென்றால் இரண்டு லிட்டர் சாய்வு கிரைண்டருக்கு 150 வாட்தான், கரண்ட் ஒரு பொருட்டே அல்ல. எடைதான் யோசிக்க வேண்டியது.

இன்சுலின் போடுபவர்கள் கவனிக்க: சிறு ஃபிரிட்ஜில் பின் தகட்டை ஒட்டி வைத்தால் இன்சுலின் உறைந்துவிடும். உறைந்தது உருகினாலும் உதவாது. டப்பாவில் போட்டு, தகட்டிலிருந்து நான்கு விரல் தள்ளிக் கதவுப் பக்கம் வையுங்கள்.

காஸுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும். அரிசிம்பருப்பு, ரசம், இட்லி என்று ஒற்றை அடுப்புச் சமையல் பழகினால் இரண்டு வாரத்துக்கு மேல் வரும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் ஓட்டை வேண்டும், உள்பக்கம் அடைப்பாக இருக்க வேண்டும்.

நிறுத்தும் இடம்

சொந்தக்காரர் தோட்டம்தான் நம் ஊரின் முகாம். அதிலும் மூன்று கவனம். தென்னைக்கு அடியில் நிறுத்தாதீர்கள். ஒரு மட்டை விழுந்தாலே சோலார் தட்டு நொறுங்கும், தேங்காயைச் சொல்லவே வேண்டாம். வேப்ப நிழல் நல்லது. கிணற்று மோட்டாரின் இலவச விவசாய இணைப்பிலிருந்து வயர் இழுக்காதீர்கள். அது விவசாயத்துக்கு மட்டும், மாட்டினால் அபராதம் இடம் கொடுத்தவர் தலையில் விழும். சாளையின் (தோட்டத்து வீட்டின்) வீட்டு இணைப்பில் இருந்து 2.5 சதுர மி.மீ. மூன்று கோர் வயர் எடுத்து, நடுவில் மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் 30 மில்லி ஆம்ப்பியர் ஆர்.சி.சி.பி. போட்டு, எர்த் இருக்கிறதா என்று சோதித்த பிறகு சொருகுங்கள். வயரைச் சுருளிலேயே விட்டு ஏ.சி. ஓட்டினால் சுருள் உருகும். மூன்றாவது, மாதத்துக்கு எவ்வளவு யூனிட் எடுத்தோம் என்று கணக்குப் பார்த்துக் காசு கொடுத்துவிடுங்கள். ஒறம்பரை (விருந்தாளி) என்பது பத்து நாள். அதற்குப் பிறகு குடித்தனம்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் உயரமான வண்டியை ஆட்டிவைக்கும். வண்டியின் மூக்கை மேற்கே பார்த்து நிறுத்துங்கள். கதவின் கீல் முன்பக்கம் இருந்தால் காற்று கதவைச் சாத்தவே பார்க்கும். வால் மேற்கே இருந்தால், திறந்த கதவைக் காற்று பிடுங்கி வளைத்துவிடும். வண்டிக்கு வெளியே விரிக்கும் நிழல்துணியை இந்தக் காற்று அடங்கும்வரை விரிக்காதீர்கள்.

மலைக்குப் போவதானால் ஏற்காடு (20 கொண்டை ஊசி வளைவு), திம்பம் (27), வால்பாறை (40) என்ற வரிசையில் பழகுங்கள். கொல்லிமலையின் 70 வளைவு நீள வண்டிக்கு வேண்டாம். திம்பத்தில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை. புலிகள் காப்பகச் சாலையோரத்தில் தங்கவும் கூடாது. நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பாதி வழியில் சூடேறிப் பிடிக்காது.

வீட்டை விற்காதீர்கள், குறைந்தது இரண்டு வருடம். ஒரு அறையைப் பூட்டி வைத்துக்கொண்டு மீதியை வாடகைக்கு விடுங்கள்; ஆதார், ஓட்டு, ரேஷன், வங்கி, வண்டிப் பதிவு எல்லாம் அந்த முகவரியில் இருக்கட்டும். பென்ஷனுக்கான உயிர்ச்சான்றை ஜீவன் பிரமாண் செயலியில் முகம் காட்டியே கொடுக்கலாம். ஒரு முறை ஊரில் இருக்கும்போதே செய்து பழகுங்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும்.

கிளம்பும் நாளில் பெரும்பாலும் மறந்துபோவது காஸ் வால்வு, கூரை விசிறி மூடி, படிக்கட்டு, வெளி வயர். வயரைச் சொருகும்போதே ஒரு சிவப்புத் துண்டை ஸ்டீயரிங்கில் கட்டிவிடுங்கள். வயரைச் சுற்றி உள்ளே வைத்தவர் மட்டுமே அந்தத் துண்டை அவிழ்க்க வேண்டும்.