மரிம்பா இசைத்தாள் வாங்குமுன் கீழ் ஸ்வரத்தைப் பாருங்கள்

கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பாவில், நான்கு மாலட்டில் (தட்டும் கோல்) வாசிக்கும் அளவுக்கு வந்தவர்கள்கூட, தாளை வாங்கிய பிறகுதான் அது தங்கள் மரிம்பாவில் அடங்காது என்று கண்டுபிடிப்பார்கள். முதலில் பேஸ் கிளெஃப்பில் (கீழ் ஸ்வரங்களை எழுதும் ஐந்து கோடுகள்) ஆகக் கீழே உள்ள ஸ்வரத்தைத் தேடுங்கள். 4.3 ஆக்டேவ் (ஸ்தாயி) மரிம்பா, அந்த ஐந்து கோடுகளின் அடி இடைவெளியில் நிற்கும் 'ஏ' ஸ்வரத்தோடு முடிந்துவிடும். கோடுகளுக்குக் கீழே இரண்டாவது துணைக்கோட்டில் (கூடுதலாக இடும் சிறு கோடு) 'சி' இருந்தால் 5 ஆக்டேவ் கருவி வேண்டும். வயலின் வகைக் கருவியான செல்லோவின் ஆகக் கீழ்த் தந்தியும் அதே 'சி'தான். செல்லோ இசையை மூல சுருதியிலேயே வாசிக்க நினைப்பவர்கள் கவனிக்கவும். இல்லாத ஸ்வரத்தை மட்டும் ஒரு ஆக்டேவ் மேலே தூக்கினால் பேஸ் வரி நடுவில் உடைந்ததுபோல் கேட்கும். அந்த இசை வாக்கியம் முழுவதையும் தூக்குவதே மேல்.

எந்த மாலட்டால் தட்டுவது என்று தாளில் அச்சிட்ட எண்களைக் குருட்டாம்போக்கில் நம்பாதீர்கள். பெரும்பாலும் இடமிருந்து வலமாக 1, 2, 3, 4; சில தாள்களில் தலைகீழ். முன்குறிப்பைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். கீழே போகப்போகக் கட்டைகள் அகலமாவதால், மேலே எளிதாக வரும் அதே ஸ்வர இடைவெளிக்கு அங்கே கை இன்னும் விரிய வேண்டும். அச்சிட்ட எண் நீங்கள் மாலட் பிடிக்கும் முறைக்கு ஒத்துவராவிட்டால் பென்சிலால் மாற்றி எழுதுங்கள், தப்பில்லை.

பக்கம் புரட்டக் கை காலியிருக்காது. மூன்று பக்கங்களைப் பக்கவாட்டில் ஒட்டி, இரண்டு ஸ்டாண்டுகளைத் தாழ்வாக, கருவியின் பின்விளிம்பை ஒட்டி வையுங்கள். உயரமாக வைத்தால் கண் தாளுக்கும் கட்டைக்கும் அலையும். தாவல்களில் அடி தவறுவது பெரும்பாலும் அதனால்தான்.